கலைமான் ஃப்ளெக்ஸும் பனையோலை ஸ்டாரும்: எங்க கோயில் கிறிஸ்மஸ் டிசைன்ல நான் பட்ட பாடு

ஏரல் பக்கம் ஒரு கிராமம் எங்க ஊரு. சிஎஸ்ஐ கோயில், சபைல ஒரு 140 குடும்பம் இருக்கும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. கல்யாணத்துக்கு முன்னாடி தூத்துக்குடில ஒரு பிரஸ்ல ஆறு வருஷம் டிடிபி வேலை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஸ்கூல் ஆண்டு மலர்னு எல்லாம் அடிச்சிருக்கேன். அது எப்படியோ ஐயரம்மா காதுக்குப் போயிருச்சு (எங்க பக்கம் சிஎஸ்ஐ போதகரை ஐயர்னும் அவங்க வீட்டம்மாவை ஐயரம்மான்னும்தான் கூப்பிடுவோம்). 2022 நவம்பர்ல ஒருநாள் வீட்டுக்கே வந்து, "நீ கம்ப்யூட்டர்ல நல்லா டிசைன் பண்ணுவியாமே, இந்த கிறிஸ்மஸுக்கு எல்லாத்தையும் நீயே பாத்துக்கம்மா"ன்னாங்க. நானும் சரின்னுட்டேன். எல்லாத்தையும்னா என்னென்னன்னு கேக்கணும்னு அன்னைக்கு புத்தி வரல.

எல்லாத்தையும்னா கேரல் சர்வீஸ் ஃப்ளெக்ஸ், சண்டே ஸ்கூல் டிராமாவுக்குப் பின்னாடி கட்டுற பேனர், கேரல் ரவுண்ட்ஸ் போற வேன்ல ஒட்டுறதுக்கு ஒண்ணு, ஆராதனை முறை அட்டை, புரொஜெக்டர்ல போடுற பாட்டு ஸ்லைடு, யூடியூப் லைவ் தம்ப்நெயில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை நோட்டீஸ் வரைக்கும். அதுலயும் வாலிபர் ஐக்கியம் ஒண்ணு கேக்கும், பெண்கள் ஐக்கிய சங்கம் வேற ஒண்ணு கேக்கும், பாடகர் குழு இதுல எதுவுமே வேண்டாம் எங்க போட்டோ பெருசா வரணும்னு கேக்கும். நான் புதுசா வந்த மருமக, யாருக்கு முடியாதுன்னு சொல்ல? கேட்டவங்களுக்கு கேட்டபடி செஞ்சு குடுத்துட்டேன்.

25ஆம் தேதி காலைல கடைசி பெஞ்சு பக்கம் நின்னு ஒரு போட்டோ எடுத்தேன், அது இன்னும் போன்ல இருக்கு. இடது பக்கம் சிவப்பு ஃப்ளெக்ஸ்ல சாண்டா, வலது பக்கம் ரோஸ் கலர் சாட்டின் துணில தெர்மாகோல் எழுத்து, அது மேல ஜிகினா, நடுவுல பச்சையும் மஞ்சளுமா காகிதத் தோரணம், மேல நாலு கலர்ல அணைஞ்சு அணைஞ்சு எரியுற சீரியல் செட். என்னோட ஃபாண்ட் மட்டும் எண்ணிப் பாத்தா ஏழு. இதுக்குள்ள பலிபீடம் எங்க இருக்குன்னு தேடணும். வருஷத்துக்கு ஒருதடவை எடுத்துப் போடுற நல்ல வெள்ளைத் துணி அது மேல கிடக்கு, யார் கண்ணுக்கும் தெரியல.

அப்பத்தான் உறைச்சுது. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு, நாம ஸ்டைல்னு ஒண்ணை முதல்ல முடிவு பண்ணாததால வந்த வினை இது. அடுத்த வருஷம் விடக்கூடாதுன்னு நெனச்சேன், நெனச்சு அதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு பண்ணேன்.

2023ல நெட்ல ஒரு டெம்ப்ளேட் பாத்தேன். ராத்திரி நீலம், பனி மூடுன மலை, பைன் மரம், ஓரத்துல கலைமான் நிக்குது, மேல தங்க எழுத்து. பாக்க அப்படியே மயங்கிட்டேன். ஃப்ளெக்ஸ், ஸ்லைடு, அட்டை எல்லாம் அதே ஸ்டைல்ல போட்டேன், கமிட்டில காட்டுனா "ஃபாரின் சர்ச் மாதிரில்லா இருக்கு"ன்னு ஒரே பாராட்டு. டிசம்பர்ல எங்க ஊர்ல பனியா பெய்யுது, பெய்யுறது மழை. அது அப்ப யாருக்கும் தோணல, எனக்கும்தான்.

12க்கு 8 ஃப்ளெக்ஸ் பிரிண்ட் ஆகி வந்தப்ப முதல் அடி. நீலம் ஊதாவா வந்திருந்துச்சு, தங்கம் கடுகு அரைச்ச மாதிரி இருந்துச்சு. பிரஸ்ல வேலை பாத்தவ நான், எனக்கே இப்படி. ஸ்கிரீன்ல பாக்குறது வெளிச்சம், ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி சேந்து வர்ற கலர். பிரிண்ட்ல வர்றது மை, சிஎம்ஒய்கே, அதாவது சயான்ங்கிற வெளிர்நீலம், மெஜன்டாங்கிற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள், கறுப்பு. ஸ்கிரீன்ல தெரியுற அந்த பளீர் நீலம் மைல கிடையவே கிடையாது, சயானும் மெஜன்டாவும் கிட்டத்தட்ட ஒரே அளவுல விழுந்தா ஊதாதான் வரும். இப்பல்லாம் நீலம் வேணும்னா சயான் 100 வச்சா மெஜன்டாவை 60, 65க்கு மேல விடுறதே இல்ல. தங்கமும் அப்படித்தான், தங்கம்னு நாம நெனைக்கிறது மினுமினுப்பு, ஃப்ளெக்ஸ் மெஷின்ல அதுக்கு மை இல்ல, கம்ப்யூட்டர்ல மினுங்குறது துணில அழுக்கு மஞ்சளா உக்காந்துக்கும். தங்கம் வேணும்னா நெஜ ஜரிகைத் துணி ஒரு கீத்து வச்சுக்கணும், இல்ல சந்தனக் கலருக்கு மாறிக்கணும்.

கேரல் சர்வீஸ் டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு வச்சிருந்தோம். 16ஆம் தேதி ராத்திரியே ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. மறுநாள் காலைல பிடிச்ச மழை, அந்த மழையைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்ச மழை அது. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு. கோயில் கொஞ்சம் மேட்டுல இருக்கு, ஐயர் கதவைத் திறந்து விட்டுட்டாங்க, தாழ்வான தெருக்காரங்க எல்லாம் பாயும் பிள்ளைகளுமா வந்து பெஞ்சுகளுக்கு நடுவுல படுத்தாங்க. கிறிஸ்தவங்க மட்டும் இல்ல, தெருவே வந்துச்சு. கரண்ட் இல்ல, போன் டவர் இல்ல. இத்தனைக்கும் நடுவுல அந்தக் கலைமான் எங்களையே பாத்துக்கிட்டு நிக்குது, பனி மலையில. எனக்கு வெக்கமா இருந்துச்சு. மூணாம் நாள் தண்ணி வடிய ஆரம்பிச்சதும் வாலிபப் பசங்க அதைக் கழட்டி, ஓடு சரிஞ்ச ஒரு அக்கா வீட்டுக்கு மேல விரிச்சு கட்டிட்டு வந்தாங்க. என் டிசைன் முதல்தடவையா ஒருத்தருக்கு உபயோகப்பட்டது அன்னைக்குத்தான்.

அந்த 25ஆம் தேதி அதிகாலை 4 மணி ஆராதனைக்கு டெக்கரேஷன்னு ஒண்ணுமே கிடையாது. சேறு கழுவுன தரை, வெள்ளைத் துணி போட்ட பலிபீடம், அட்வென்ட் (கிறிஸ்மஸுக்கு முந்துன நாலு வாரம்) வளையத்துல நடுவுல நிக்கிற வெள்ளை மெழுகுவர்த்தி, அதைச் சுத்தி ஆளுக்கொண்ணா கொண்டுவந்த சின்னச் சின்ன மெழுகுவர்த்தி. இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்னு ஏசாயா வசனத்தை ஐயர் டார்ச் வெளிச்சத்துல வாசிச்சாங்க. நான் அழுதது வெள்ளத்துக்குத்தான், ஆனா டிடிபி புத்தி எங்க போகும், எல்லாரும் எங்க பாக்காங்கன்னு திரும்பிப் பாத்தேன். எல்லார் கண்ணும் ஒரே இடத்துல இருந்துச்சு. என் ரெண்டு வருஷ டிசைன்ல அது நடக்கவே இல்ல.

2024க்கு அக்டோபர்லயே ஆரம்பிச்சேன். இது முக்கியம், நவம்பர் பாதிக்கு மேல ஃப்ளெக்ஸ் கடைக்காரன் நம்ம போனை எடுக்கவே மாட்டான். டெம்ப்ளேட் பக்கமே போகல. நம்ம கோயிலுக்குள்ள டிசம்பர்ல ஏற்கெனவே என்ன கலர் இருக்குன்னு பாத்தேன். அட்வென்ட் நாலு வாரமும் பலிபீடத்துல ஊதா துணி, 25ஆம் தேதி அது வெள்ளையா மாறிடும். இந்த ரெண்டையும் நாம மாத்த முடியாது, மாத்தவும் கூடாது. அப்ப நாம கட்டுற எதுவும் இந்த ரெண்டு துணியோடயும் சண்டை போடாம இருக்கணும். கேரல் சர்வீஸ் எப்பவும் அட்வென்ட்லதான் வரும், அங்க ஊதாவுக்குப் பக்கத்துல சிவப்பும் பச்சையும் கொண்டுபோய் வச்சா கண்ணு கூசும், 2022ல அதான் நடந்துச்சு. கலர் பாதி அங்கயே முடிவாயிருச்சு.

மீதி எங்க அத்தை கையில இருந்து வந்துச்சு. அத்தைக்கு ஓலைப்பெட்டி முடையுறது சின்ன வயசுல இருந்தே பழக்கம். ஒருநாள் மத்தியானம் திண்ணைல உக்காந்து முடைஞ்சுக்கிட்டு இருந்தவங்க, என் பையன் அழுதான்னு மிச்சம் கிடந்த ஓலைல ஒரு ஸ்டார் பண்ணிக் குடுத்தாங்க. ஈர்க்கை நகத்தால ஒரு கீறு கீறி சர்ருனு உரிச்செடுத்துட்டு, ஓலையை ஈரத்துணில ஒரு இழுப்பு இழுத்து, நாலு கீத்தை ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி மடக்குனாங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகல. பையன் அதை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சான். மடிப்பு விழுந்த இடம் கருமையா, ஒத்தை ஓலை இருக்கிற இடம் தேன் கலர்ல வெளிச்சம் ஊடுருவி தெரியுது. "அத்தே, இதே மாதிரி பெருசா செய்ய முடியுமா?"ன்னேன். "பெருசு எதுக்கும்மா, ஓலை எம்புட்டு அகலமோ அம்புட்டுதான் வரும். வேணும்னா நூறு செய்யலாம்"னாங்க. அந்த ஒரு பேச்சுல எனக்கு முழு டிசைனும் கிடைச்சிருச்சு.

இப்ப என்கிட்ட ஸ்டைல் எப்படி எடுக்குறதுன்னு யாராச்சும் கேட்டா நான் ஒரு சோதனைதான் சொல்லுவேன். நீங்க நெனைக்கிற உருவத்தை சண்டே ஸ்கூல் பிள்ளை சார்ட் பேப்பர்ல கத்திரிக்கோலால வெட்ட முடியுமா? முடியும்னா எடுங்க. முடியாதுன்னா அது லேப்டாப்ல எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுருங்க. ஏன்னா கோயில்ல பாதி வேலை கையால நடக்குறது, நாம ஃப்ளெக்ஸ்ல ஒண்ணு போட்டா பிள்ளைங்க தெர்மாகோல்ல வேற ஒண்ணு செய்வாங்க, அங்கதான் மறுபடி சந்தைக்கடை ஆகும். ஓலை ஸ்டாரோட உருவத்தை போட்டோ எடுத்து, கோட்டு வடிவமாக்கி, பிள்ளைங்களுக்கு வெட்ட அட்டை அச்சு, அம்மாமாருக்கு நெஜ ஓலை, எனக்கு ஸ்கிரீன்ல அதே கோடு. மூணு கை வேலையும் ஒரே குடும்பம் மாதிரி வந்துச்சு. கலர் ஓலை கலர், கருநீலம், பல்பு மஞ்சள் துளி. அம்புட்டுதான்.

கமிட்டில லேசுல விடல. ஒரு மூத்த அண்ணாச்சி கேட்டாங்க, "ஏம்மா, ஓலைன்னா குருத்தோலை ஞாயிறுல்லா? கிறிஸ்மஸுக்கு எதுக்கு ஓலை?" குருத்தோலை ஞாயிறு ஈஸ்டருக்கு முந்துன ஞாயிறு, ஓலை பிடிச்சுக்கிட்டு பவனி போற நாள். நல்ல கேள்விதான், எனக்கு பதில் உடனே வரல. இன்னொருத்தங்க ஓலைன்னா ஏழ்மையா தெரியும், பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்னாங்க. பிறந்த இயேசுவையே மாட்டுக்குத் தீனி வைக்கிற முன்னணைலதானே கிடத்துனாங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். லேப்டாப்பைத் திறந்து காட்டாம ரெண்டு நாள் டைம் கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி 12 ஸ்டார் கட்டி, பின்னாடி கருநீலத் துணி விட்டு, ஒரு மஞ்சள் எல்இடி பல்பு போட்டு, எல்லா லைட்டையும் அணைச்சுட்டு கமிட்டிக்காரங்களைக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சேன். அந்த அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம், "தொங்கவிட்டாத்தான் குருத்தோலை, மடக்குனா நட்சத்திரம்தான். செய்யி"ன்னாங்க. கமிட்டிக்கு டிசைனை லேப்டாப்லயோ வாட்ஸ்அப்லயோ அனுப்பாதீங்க, ஆளுக்கொரு கலர் சொல்லுவாங்க. கட்டுற இடத்துலயே ஒரு மாதிரி செஞ்சு, நெஜமா பாக்குற நேரத்துல, நெஜமா பாக்குற தூரத்துல காட்டணும். சாண்டா வேணும்னு வாலிபப் பசங்க அடம் பிடிச்சாங்க, கேரல் வேன்ல சாண்டா வச்சுக்கோங்க, வாசப்படிக்கு உள்ள வேண்டாம்னு ராசி ஆயிருச்சு.

எழுத்து விஷயத்துக்கு வாறேன், இதுலதான் நெறைய பேரு சறுக்குறாங்க. தமிழ் எழுத்துக்கு மேல விலங்கு ('கி', 'கீ'ல வர்ற வளைவு) வரும், கீழ சுழி இறங்கும், இங்கிலீஷ் டிசைன்ல எழுத்து உக்காந்த இடத்துல தமிழை அப்படியே திணிச்சா வரி வரியோட இடிக்கும். வரிக்கு நடுவுல இடம் தாராளமா விடணும். வார்த்தையும் நீளம், அதனால தலைப்பு நாலு வார்த்தைக்கு மேல போகாம பாத்துக்கோங்க. நான் தலைப்புக்கு பாலூ தம்பி, மத்ததுக்கெல்லாம் முக்த மலர்னு ரெண்டே ஃபாண்ட், ரெண்டும் கூகுள் ஃபாண்ட்ஸ்ல காசில்லாம கிடைக்கும். ஃப்ளெக்ஸ் கடைல பாதிப்பேர் இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்லதான் ஓட்டுறாங்க, நம்ம யூனிகோட் எழுத்தை அங்க ஒட்டுனா கிறுக்கலா வரும். இல்லன்னா அவங்க சாஃப்ட்வேர்ல கொம்பு இடம் மாறிடும். எங்களுக்கு 200 அழைப்பு அட்டைல 'தேவன்'ங்கிறதுல கொம்பு 'த'வுக்குப் பின்னாடி போய் நின்னுருச்சு. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய, எழுத்தை கர்வா, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமா மாத்தி பிடிஎஃப்பா அனுப்பாதது நான். இன்னொண்ணு, வாழ்த்துக்களா வாழ்த்துகளான்னு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் எல்லா சபைலயும் இருப்பாரு. அவர்கிட்ட பிரிண்டுக்கு முன்னாடியே காட்டிருங்க, பின்னாடி காட்டுனா அட்டையைக் கையில வாங்கவே மாட்டாரு.

பாட்டு ஸ்லைடு ரெண்டு செட் பண்ணேன். அதிகாலை 4 மணிக்கு வெளிய கும்மிருட்டு, கருநீலத்து மேல ஓலைக் கலர் எழுத்து அப்படியே மிதக்கும். அதே ஸ்லைடை ஞாயித்துக்கிழமை காலை 9 மணிக்குப் போட்டா ஒண்ணும் தெரியாது, ஏன்னா புரொஜெக்டர்ல கறுப்புன்னு ஒரு கலரே இல்ல, வெளிச்சம் விழாத வெள்ளைத் திரைதான் கறுப்பு, ஜன்னல் வழியா வெயில் வந்து அதுல உக்காந்துக்கும். பகலுக்கு வெளிர் பின்னணி, கரு எழுத்து. ஒரு ஸ்லைடுக்கு நாலு வரி, பின்னாடி படமே கிடையாது, மூலைல ஒரு சின்ன ஸ்டார். வயசானவங்க பாட்டுப் புஸ்தகத்தை மூடிட்டு திரையைப் பாத்துப் பாடுனாங்க. இதுக்கு மேல எனக்கு சர்டிபிகேட் வேண்டாம்.

லைட்டு போடுற அண்ணன் மேடைக்கு அடிக்கிற நீல பார் லைட்டை எல்லா பக்கமும் அடிச்சு விட்டுட்டாங்க, யூடியூப் லைவ்ல ஐயர் முகம் நாவப்பழம் மாதிரி. நீலம் செவத்துக்கு மட்டும், முகத்துக்கு மஞ்சள் வெள்ளை லைட்டுன்னு பிரிச்ச பிறகுதான் மனுஷ முகம் வந்துச்சு. லைவ்ல கோடு கோடா ஓடுச்சுன்னா கேமராவுல ஷட்டர் வேகத்தை 1/50லயோ 1/100லயோ வச்சுப் பாருங்க, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சீரியல் செட்டை அணைஞ்சு எரிய விடாம நிறுத்தி எரிய விடுங்க, கேமராவுக்கும் நல்லது, ஜெபத்துல கண்ணைத் திறந்து பாக்குற பிள்ளைங்களுக்கும் நல்லது.

எல்லாம் சரியா போச்சான்னா, இல்ல. அக்டோபர்லயே ஆர்வக்கோளாறுல 150 ஸ்டார் செஞ்சு சாக்குல கட்டி வச்சோம், நவம்பர் மழைக்கு பூஞ்சை பிடிச்சு பாதிக்கு மேல கரும்புள்ளி. அத்தை முதல்லயே சொன்னாங்க காத்தாட கோத்துத் தொங்கவிடுன்னு, நான்தான் கேக்கல. புள்ளி விழுந்ததை எல்லாம் கருநீலப் பெயின்ட்ல முக்கி எடுத்து ஓலைக் கலர் ஸ்டாருக்கு நடுநடுவுல கட்டுனோம். பாத்தவங்க அதை வேணும்னே பண்ண டிசைன்னு நெனச்சாங்க, நானும் திருத்தல. அப்புறம், காஞ்ச ஓலையும் மெழுகுவர்த்தியும் கிட்டக்க இருக்கவே கூடாது, எல்லாத்தையும் ஆள் உயரத்துக்கு மேலயே கட்டுனோம், பல்பும் சூடாகாத எல்இடிதான், வாசல்ல ரெண்டு வாளி மணல். வெளிய வைக்க ஃப்ளெக்ஸே அடிக்கல, காடா துணில ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு கோயில் காம்பவுண்டுக்குள்ளயே கட்டுனோம். 2022ல எல்லா சங்கமும் சேந்து 14,000 செலவு பண்ணிருந்தாங்க, 2024ல 6,500ல முடிஞ்சுது, அதுல பாதி துணி. அந்தத் துணியை 2025லயும் துவைச்சுத்தான் கட்டுனோம், ஓலை மட்டும் புதுசு. வருஷா வருஷம் புது ஸ்டைல் எதுக்குங்கேன்.

வெள்ளத்துல போர்த்துன அந்தக் கலைமான் ஃப்ளெக்ஸ் இன்னும் இருக்கு. அந்த அக்கா வீட்டுக்கு ஓடு மாத்துனதும் அது ஆட்டுக்கொட்டகைக்குப் போயிருச்சு, மான் தலைகீழா நிக்குது, கீழ ரெண்டு வெள்ளாடு. ரெண்டு வருஷ வெயில்ல அந்த ஊதா வெளுத்து வெளுத்து, இப்பத்தான் நான் முதல்ல நெனச்ச நீலத்துக்கு வந்திருக்கு.